பெரிய கோவில் விமானமும் என் மொட்டை மாடியும்

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது, "உன் தொழில் சம்பந்தமா ஏதாவது எழுது, ஜூனியர் பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றுதான் சொன்னார்கள். என் தொழில் தெருவிளக்கு. அதைப் பற்றி ரெண்டாயிரம் வார்த்தை எழுதினால் எழுதுகிற நானே தூங்கிவிடுவேன். ஆனால் அந்தத் தெருவிளக்குக்கும், என் மொட்டை மாடியில் நிற்கிற ஆறு அங்குல தொலைநோக்கிக்கும் பல வருஷமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாதி, பிரதிவாதி இரண்டு பேரும் நானே. அந்த வழக்கின் பூர்வ கதையைத் தேடிப் போனதில், நம் தஞ்சாவூருக்கும் வானத்துக்கும் இருக்கிற சம்பந்தம் பற்றி நிறைய விஷயங்கள் கிடைத்தன. அதைத்தான் எழுதப் போகிறேன். மன்னிக்கவும்.

2008-இல் நாங்கள் மூன்றாம் ஆண்டு. அந்த வருஷத்து மின்வெட்டு ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்கலாம். சாயங்காலம் கரண்ட் போனவுடன் ஹாஸ்டல் முழுக்க ஒரு "ஓ...!" கிளம்பும். அடுத்த ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் மொட்டை மாடியில். பாய், தலையணை, ஒரு டிரான்சிஸ்டர். இன்டர்னலுக்குப் படிக்க முடியாத சந்தோஷம். அப்படி ஒரு மாசி மாத ராத்திரியில்தான் இயற்பியல் சார் மேலே வந்தார். யார் யார் சிகரெட்டை அணைத்தார்கள் என்பதை இங்கே எழுதவில்லை. தெற்கே விரல் நீட்டி, "அதோ பார், அகஸ்தியர்" என்றார். தென்வானத்தில் தனியாக நின்றுகொண்டிருந்த ஒரு வெள்ளை நட்சத்திரம். ஆங்கிலத்தில் கனோப்பஸ். வானத்திலேயே சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். நம் ஊரில் அது உச்சிக்கு வரும்போது அடிவானத்திலிருந்து சுமார் 26 டிகிரி உயரத்தில் இருக்கும். டெல்லிக்காரனுக்கு ஒன்பது டிகிரிகூடக் கிடையாது. லண்டன்காரனுக்கு ஆயுசுக்கும் கிடையாது. "காவிரியைக் கமண்டலத்தில் கொண்டுவந்தவர் காவிரிக்காரனுக்குத்தானே தரிசனம் கொடுப்பார்" என்று சார் சொல்லி முடிக்கவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. மறுபடி ஒரு "ஓ...!". அகஸ்தியர் பாதி மங்கிப் போனார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

இனி பழைய கதைக்கு வருகிறேன். நம் ஊரில் தொலைநோக்கி சம்பந்தப்பட்ட மிகப் பிரபலமான சம்பவம் ஒரு விபத்து. வருஷம் 1808. இடம் பெரிய கோவில்.

வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஒரு அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்துகொண்டே வந்தார். பின்னாளில் இமயமலை வரைக்கும் போன மாபெரும் முக்கோண அளவைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. முக்கோண அளவைக்கு உயரமான இடங்கள் வேண்டும், ஒரு இடத்திலிருந்து அடுத்த இடம் தெரிய வேண்டும். மற்ற ஜில்லாக்களில் குன்று இருந்தது, ஏறிக்கொண்டார். நம் டெல்டாவில் எங்கே போவார்? கண்ணுக்கு எட்டிய வரை வயல், நடுநடுவே தென்னந்தோப்பு. குன்று என்று சொல்லிக்கொள்ள ஒரு மண்மேடு இல்லை. ஆனால் ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த 216 அடி விமானம் இருந்தது. மற்ற ஊர்களில் கோபுரங்கள் இருந்தன. சோழர்கள் கட்டியதைக் குன்றாக வைத்துக்கொண்டு இங்கிலீஷ்காரர் அளந்தார் என்று சொல்லலாம்.

அவர் கருவி லண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்த தியோடலைட். இன்றைக்கு சிவில் பசங்கள் தோளில் வைத்துக்கொண்டு போகிற சாமான் மாதிரி நினைக்காதீர்கள். மூன்று அடி குறுக்களவுள்ள கிடைவட்டம், மேலே தொலைநோக்கி, மொத்த எடை சுமார் அரை டன். இந்தியாவுக்கு வருகிற வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்து, விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். சண்டைக்காரனிடம் பிழைத்து வந்த கருவி தஞ்சாவூரில் மாட்டிக்கொண்டது.

விமானத்தின் உச்சிக்குக் கயிறு கட்டி இழுத்தபோது, ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்த பக்கக் கயிறு அறுந்தது. அரை டன் பளு ஊசலாடிப் போய்ச் சுவரில் மோதியது. கிடைவட்டம் கோணிப் போனது. கோணத்தை அளக்கிற வட்டமே வட்டமாக இல்லையென்றால் அப்புறம் என்ன இருக்கிறது? வேறு ஒருவராயிருந்தால் லண்டனுக்கு எழுதிவிட்டு இரண்டு வருஷம் காத்திருப்பார். லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டார். பீரங்கிப் படையின் கைவினைத் தொழிலாளர்களின் தலைவர்களைத் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதி கிடையாது. ஆப்பு, திருகு, கப்பி இவற்றை வைத்துக்கொண்டு அந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, ஆறு வாரத்தில் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவிதான் அதற்குப் பிறகும் பல வருஷம் வேலை செய்தது. மெக்கானிக்கல் நண்பர்களே, உங்கள் பட்டறைப் பாடத்தில் சேர்க்க வேண்டிய சம்பவம் இது.

இதில் நட்சத்திரம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் லாம்ப்டனின் அந்தரங்க ஆசை. அதற்கு நிலத்தில் அளந்த தூரம் மட்டும் போதாது, ஒவ்வொரு இடத்தின் அட்சரேகையும் நட்சத்திரங்களை வைத்துத் தெரிய வேண்டும். தத்துவம் சுலபம். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை டிகிரியோ, கிட்டத்தட்ட அத்தனைதான் ஊரின் அட்சரேகை. தஞ்சாவூருக்கு 10 டிகிரி 47 நிமிடம். நம் வடக்கு அடிவானத்தில் ஒரு சாண் உயரத்தில் துருவன் நிற்க வேண்டும். என் வீடு நாஞ்சிக்கோட்டை சாலைப் பக்கம், ஊருக்குத் தெற்கே. பத்து வருஷமாகத் தேடுகிறேன். ஊர் வெளிச்சத்துக்குப் பின்னால் துருவன் எனக்குத் தெரிந்ததே இல்லை.

அந்த விபத்து நடந்தபோது கூப்பிடு தூரத்தில் அரண்மனையில் இருந்தவர் இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை மன்னர். ராஜ்ய பாரத்தை 1799 ஒப்பந்தத்தில் கம்பெனி எடுத்துக்கொண்டது. மீதி இருந்த பொழுதையெல்லாம் மனிதர் படிப்பில் செலவழித்தார். சரஸ்வதி மகாலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நாம் எல்லோரும் செமினார் லீவு போட்டுப் போன இடம். ஆனால் சுவடி மட்டுமல்ல, காற்றிறைப்பான், மின்சார எந்திரம், வானியல் கருவிகள் எல்லாம் அவரிடம் இருந்தன என்று 1806-இல் வந்து பார்த்த பாதிரியார் கிளாடியஸ் புக்கானன் எழுதி வைத்திருக்கிறார். 1805 வாக்கிலேயே அரண்மனையில் அச்சகம். அவர் பெயரில் உள்ள "தேவேந்திர குறவஞ்சி" என்ற மராத்தி நாடகத்தில் குறத்தி உலகப் பூகோளத்தையே பாட்டாகச் சொல்கிறாள். குறி சொல்கிற வாயால் பூகோளம்! நம் கல்லூரி நாடக மன்றத்தார் கவனிக்க.

சரபோஜியின் ஊரில் அன்றைக்கு ராத்திரி வெளிச்சம் என்றால் எண்ணெய் விளக்கும் தீவட்டியும்தான். அவர் கருவியால் என்ன பார்த்தாரோ, அதைவிடப் பெரிய கண்ணாடி என்னிடம் இருக்கலாம். அவருடைய வானம் என்னிடம் இல்லை.

கண்ணாடிக் கருவி வருவதற்கு முன்பே இந்தக் கடற்கரையில் வானத்தைக் கணக்குப் போட ஆள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லெ ஜென்டீ என்ற பிரெஞ்சு வானியலாளர் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புறப்பட்டார். 1761-இல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கப்பலிலேயே நிற்க வேண்டியதாயிற்று, பார்த்தும் பலனில்லை. எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுற்றி, 1769 ஜூன் 4 விடியற்காலை பாண்டிச்சேரியில் கருவியை வைத்துத் தயாராக உட்கார்ந்தார். மேகம்! அவர் முதலில் தங்க நினைத்த மணிலாவில் வானம் பளிச்சென்று இருந்ததாம். ஊருக்குத் திரும்பினால் அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி, அகாடமி நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். என் மாடியில் மேகம் வரும்போதெல்லாம் இந்த மனிதரை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் அவர் பாண்டிச்சேரியில் சும்மா இருக்கவில்லை. தமிழர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கிற முறையைக் கற்றுக்கொண்டு போய்ப் பிரான்ஸில் எழுதினார்.

அதே சோழிக் கணக்கை 1825-இல் ஜான் வாரன் "காலசங்கலித" என்ற புத்தகத்தில் பதிவு செய்தார். வாரன் முன்னர் சென்னை வான்நோக்ககத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர். பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லியே அந்த வருஷத்துச் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஒரு காகிதம் கிடையாது. தொடக்கத்தில் 4 நிமிஷம் பிசகு, நடுவில் 23, முடிவில் 52 நிமிஷம். முடிவு கொஞ்சம் இடித்தது உண்மைதான். ஆனால் நினைவிலிருந்து, சோழியை வைத்து! நமக்கு நாலாம் செமஸ்டரில் கால்குலேட்டர் கொடுத்தும் வந்த விடைகளை யோசித்துப் பாருங்கள்.

சென்னைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1786-இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் வீட்டில் வைத்த சொந்த வான்நோக்ககம்தான் தொடக்கம். அதாவது அதுவும் ஒரு வகையில் கொல்லைப்புறத் தொலைநோக்கிதான்! 1792-இல் கம்பெனி அதை நுங்கம்பாக்கத்தில் கட்டிடமாக்கியது. பத்து டன் கருங்கல் தூண், ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இந்தியர் ஒருவர் கண்டுபிடித்த முதல் மாறொளி விண்மீன் அதுதான் என்பார்கள். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது ஜனங்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளில் சிறு நூல் போட்டார். பஞ்சாங்கத்தைக் கண்ணால் பார்க்கிற வானத்தோடு ஒத்துப்போகத் திருத்த வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. வாக்கியமா, திருக்கணிதமா என்கிற சண்டை இன்னும் நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிறதே, அதில் அவர் திருக்கணிதக் கட்சி. இந்தச் சண்டையின் அளவு தெரிய வேண்டுமானால் திருநள்ளாறுக்குப் போக வேண்டும். திருக்கணிதப்படி சனி 2023 ஜனவரியிலேயே கும்பத்துக்குப் போய்விட்டார். கோவில் வாக்கியப்படி நடப்பதால் பெயர்ச்சி விழா அந்த வருஷம் டிசம்பர் 20-ஆம் தேதி. பதினோரு மாத வித்தியாசம்! தொலைநோக்கியில் பார்த்தால் சனி இரண்டு கட்சியையும் கவனிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் மழையைப் புரிந்துகொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கையில் 1899-இல் வான்நோக்ககம் கொடைக்கானலுக்கு ஏறியது. 1909-இல் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டார். அப்புறம் இருட்டைத் தேடி வைனு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் வேலை ஆரம்பம். 1977-இல் யுரேனஸின் வளையங்கள் அங்கிருந்தும் பதிவாயின. 1986-இல் 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி. 1988-இல் அங்கே கண்டுபிடித்த 4130 எண் சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருப் பையன் இப்போது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கிறார். எழும்பூர், நுங்கம்பாக்கம், கொடைக்கானல், காவலூர், கடைசியில் லடாக்கின் ஹன்லே. வானியல் ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டேயிருக்கிறது. சம்பளம் வாங்குகிற வானியலாளர்கள் ஓடலாம். வீட்டுக்கடன் கட்டுகிறவன் எங்கே ஓடுவது?

அதனால் நாஞ்சிக்கோட்டை சாலையிலேயே கடை விரித்தேன். மரப்பெட்டியில் குழாயை வைத்துக் கையால் திருப்புகிற எளிய அமைப்பு. இதைப் பிரபலப்படுத்திய ஜான் டாப்சன் சான்பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்தவர். மடத்தை விட்டு 1967-இல் வெளியே வந்தபின் நடைபாதையில் தொலைநோக்கியை வைத்துப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நிலா காட்டினார். என்னுடையதற்குக் குழாய் போர்வெல் பி.வி.சி., கண்ணாடி தபாலில் வந்தது, பெட்டி நம்ம ஆசாரி. முடித்துவிட்டு அவர் கேட்டார்: "என்ன தம்பி, பீரங்கி மேட்டுக்கு இன்னொண்ணா?"

வெளிச்சமான வானத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. உருப்பெருக்கம் கூடக்கூட வானத்தின் பின்புல வெளிச்சம் பரவி மங்கும். நட்சத்திரம் புள்ளி, அது பரவாது. ஆகவே 48 மடங்கில் சாம்பலாகத் தெரிகிற வானம் 120 மடங்கில் கறுப்பாகிறது, நட்சத்திரம் தப்பிக்கிறது. இரட்டை நட்சத்திரம், கொத்து, கிரகம், நிலா எல்லாம் ஊருக்குள்ளிருந்தே கிடைக்கும். நெபுலாவும் காலக்ஸியும் புள்ளியல்ல, புகை. பின்புலத்தோடு சேர்ந்து அவையும் மங்கிப் போகும். கண்ணுக்குத் தெரிகிற ஐந்து கிரகங்களையும் எந்தத் தெருவிளக்காலும் மறைக்க முடியாது. கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகத் தலம் வைத்த ஜில்லாவுக்கு இது ஒரு சலுகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனியை முதலில் வளையத்தோடு பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டேன். அப்பாயி வர மாட்டேன் என்றுவிட்டார். "சனீஸ்வரனை நேருக்கு நேர் நிக்கப்படாதுடா." எனக்கு சட்டென்று ஒன்று தோன்றியது. நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் கண் வைக்கிற இடம் குழாயின் பக்கவாட்டில். "அப்பாயி, நேரா பாக்கலை, சைடுலதான் பாக்குறோம்" என்றேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "தாத்தா ராத்திரி முறைத்தண்ணி கட்டப் போவாங்க. கடிகாரம் ஏது? கார்த்திகை எங்க நிக்குதுன்னு பாத்துத்தான் மடை மாத்துவாங்க. இப்ப கார்த்திகையே தெரியலியேடா" என்றார். அண்ணாந்து பார்த்தேன். ஆறு நட்சத்திரத்தில் இரண்டு இருக்கிறதா, மூன்றா என்றே சொல்ல முடியவில்லை.

அந்தத் தெருவில் விளக்குகளுக்கு வரைபடம் போட்டவன் நான். 2015-இல் நாடு முழுக்க எல்.இ.டி. தெருவிளக்குத் திட்டம் ஆரம்பித்தபோது, பழைய மஞ்சள் சோடியத்தைக் கழற்றி வெள்ளை எல்.இ.டி. மாட்டுகிற ஒப்பந்த வேலையில் இருந்தேன். மின்சாரம் பாதிக்குப் பாதி மிச்சம், பெருமையாகத்தான் இருந்தது. வெள்ளையாக இருந்தால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்று 6000 கெல்வின் பக்கம் தேர்வு செய்தோம். காற்றில் ஒளி சிதறுவது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்று ராலே விதி. சோடியத்தின் 589 நானோமீட்டர் எங்கே, எல்.இ.டி.யின் நீல முனை 450 எங்கே? கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சிதறல். இதை நான் நம் கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வேலையில் உட்கார்ந்தபோது ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை. மேல்நோக்கி வெளிச்சம் போகாமல் தட்டையாக மாட்ட வேண்டிய விளக்குகளை, தெரு அகலத்துக்கு எட்டட்டும் என்று சாய்த்து மாட்டச் சொன்னதும் நான்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்தது. நம்மில் பலருக்கு அது வெறும் செய்தி அல்ல, வீடு, தோப்பு, சொந்தம். ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்தன. கம்பம் நடுகிற வேலைக்கு என்னைப் பேராவூரணிப் பக்கம் அனுப்பினார்கள். நவம்பர் கடைசியில்கூட உள்கிராமங்களில் கரண்ட் இல்லை. ஒரு ராத்திரி வேலை முடிந்து லாரிப் பக்கத்தில் உட்கார்ந்தோம். தேய்பிறை, நிலா நள்ளிரவுக்குத்தான். மழை விட்டு மேகம் கலைந்திருந்தது. அண்ணாந்தேன்.

வடக்கே இருந்து கிழக்கு வரை பால்வீதி கிடந்தது. ஆண்ட்ரோமீடா காலக்ஸி, என் ஆறு அங்குலக் கண்ணாடியில் அழுக்குத் துடைப்பு மாதிரி தெரிகிற அது, வெறும் கண்ணுக்கே நீளமாகத் தெரிந்தது. கார்த்திகை ஆறும் இருந்தன, எண்ணினேன். பத்தரை மணிக்குத் தென்கிழக்கே, விழுந்து கிடந்த தென்னைகளுக்கு மேல், அகஸ்தியர் எழுந்து வந்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உடனே வெட்கமாகவும் போய்விட்டது, ஏனென்றால் பக்கத்தில் அந்தத் தோப்புக்காரர் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்து மரம் அத்தனையும் ஒரே ராத்திரியில் போயிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எப்ப தம்பி லைட் வரும்?" என்றார். "நாளைக்கு வந்துடும்ணே" என்றேன். மறுநாள் சாயங்காலம் நானே ஸ்விட்சைப் போட்டேன். ஊரே கை தட்டியது, நானும் தட்டினேன்.

விளக்கே வேண்டாம் என்று சொல்கிற யோக்கியதை அதற்குப் பிறகு எனக்கு இல்லை. ஆனால் அதன் பிறகு நான் போட்ட வரைபடங்களில் விளக்கைச் சாய்க்கவில்லை. 3000 கெல்வினைக் கேட்டு வாங்கப் பார்க்கிறேன். சில இடத்தில் ஒப்புக்கொள்கிறார்கள், பல இடத்தில் "மங்கலா இருக்கே சார்" என்கிறார்கள். என் வீட்டெதிர் கம்பத்து விளக்கை மட்டும், தெருக்காரர்களிடம் சொல்லிவிட்டு, முறையாக மனு கொடுத்து நேராக்கினேன். இப்போது கார்த்திகையில் நாலு தெரிகிறது. அப்பாயி ஐந்து என்கிறார். கண்புரை ஆபரேஷன் ஆனவர், சண்டை போட முடியாது.

கடைசியாக ஒரு விஷயம். சந்திப்பு நடக்கிற தை மாத ராத்திரியில் மிருகசீரிட மண்டலத்தின் நெபுலா நல்ல உயரத்தில் இருக்கும், எட்டரை மணிக்கு மேல் அகஸ்தியரும் தெற்கே ஏறியிருப்பார். தொலைநோக்கியை வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன், ஹாஸ்டல் மைதானத்தில் வைக்கிறேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் வரலாம், குழந்தைகளையும் கூட்டி வாருங்கள். மைதானத்து ஹைமாஸ்ட் விளக்கை அரை மணி நேரம் அணைக்க முதல்வரிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். ஸ்விட்ச் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று வாட்ச்மேன் அண்ணனிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொண்டேன்.